எட்டுக் கம்பியும் பாட்டு மாமியும்

மாப்ளே,

உன் லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் போடலன்னு திட்டிருப்ப. முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல நிம்மதிடா. பிசியோவ மட்டும் பாதில விட்றாத, எங்க அண்ணன் விட்டுட்டு இன்னிக்கும் மாடிப்படிய பாத்தா கும்புடு போடுறான். இங்க திருச்சில எல்லாரும் சௌக்கியம், வெயில் மட்டும் எப்பவும் போல.

"57 வயசுல எவண்டா மாண்டலின் வாங்குவான்"னு கேட்டிருந்தல்ல, அதுக்கு காரணமே நீதான். ஹாஸ்டல்ல இருந்தப்ப என் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கேசட்ட ஒரு நாளைக்குன்னு வாங்கிட்டுப்போன, 38 வருஷம் ஆச்சு, இன்னும் வரல. வி.ஆர்.எஸ். வாங்கிட்டு வீட்ல சும்மா உக்காந்திருந்தப்ப ஒருநாள் அந்த கேசட் ஞாபகம் வந்துச்சு, போன்ல தேடி கேட்டேன், அப்படியே ராத்திரி ஒரு மணி ஆயிருச்சு. அடுத்த வாரமே ஒரு கடைல போய் வாங்கிட்டேன். எந்த கடைன்னு கேக்காத, நல்லா தலைல கட்டிட்டான். கழுத்துல குறுக்க பதிச்சிருக்குற ஃப்ரெட்டுக்கு மேல கம்பி ஒரு வெரக்கடை ஒசரத்துல நிக்குது, அமுக்கி அமுக்கி நாலு விரல் நுனியும் காய்ச்சுப் போச்சு. அப்பறம் இங்க கிடார் ரிப்பேர் பண்ற பையன் ஒருத்தன் கம்பிய தாங்குற பிரிட்ஜ்ஜ எறக்கி குடுத்தான், அதுக்கப்பறம்தான் மனுஷன் வாசிக்கிற மாதிரி ஆச்சு.

மொதல்ல ஆன்லைன்லதான் ஆரம்பிச்சேன். அமெரிக்கால உங்க ஊர் பக்கம் மைக் மார்ஷல்னு ஒரு மாண்டலின்காரர், பென்சில்வேனியால பொறந்து ஃப்ளோரிடால வளந்தவர், 19 வயசுல டேவிட் க்ரிஸ்மன் க்ரூப்ல சேந்தவர். க்ரிஸ்மன் யாருன்னா, பில் மன்றோ கெண்டக்கி பக்கத்துலேந்து கொண்டுவந்த புளூக்ராஸ்ங்கற கிராமிய பாட்டையும் ஜாஸையும் போட்டு கலக்கி ஒரு தினுசு பாட்டு பண்ணவர், 1977ல வந்த அவங்க ரெக்கார்ட கேட்டு பாரு. மார்ஷல் அதோட நிக்கல, பிரேசில் போய் ஷோரோங்கற அந்த ஊர் பாட்டு தினுச கத்துக்கிட்டாரு, ஜெர்மனில க்ளாசிக்கல் மாண்டலின் வாசிக்கிற கட்டரீனா லிஷ்டன்பெர்க்க கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. அந்தம்மா கொலோன் மியூசிக் யுனிவர்சிட்டில மாண்டலினுக்குன்னே ப்ரொஃபசர்! மாண்டலினுக்கு ப்ரொஃபசர்னா நம்ம ஊர்ல சிரிப்பாங்க. ரெண்டு பேரும் சேந்து பாக்ங்கற பழைய ஜெர்மன் மேதையோட பாட்ட வாசிச்சிருக்காங்க, அவங்க மாண்டலின், இவர் மாண்டோசெல்லோ, அது செல்லோ மாதிரி சுருதி சேத்த பெரிய மாண்டலின். அந்தம்மா கம்பியும், கம்பிய மீட்டுற பிக்கும் வேற தினுசு, சத்தம் உருண்டையா அமைதியா வரும், இவரோடது சுருக்குன்னு வெட்டும். ஒரே வாத்தியந்தானான்னு சந்தேகம் வந்துரும். இவரும் க்ரிஸ்மனும் சேந்து சாண்டா க்ரூஸ்ல கோடைல மாண்டலின் சிம்போசியம்னு நடத்தியிருக்காங்க, நீ இருக்குற எடத்துலேந்து கார்ல கொஞ்ச தூரம், உனக்கு எங்க தெரிஞ்சிருக்கப் போகுது, நீ காஸ்ட்கோவத் தவிர எங்க போயிருக்க.

புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே ஆன்லைன்ல கத்துக்குடுக்கறாங்க. நீ வாசிச்சு வீடியோ அனுப்பணும், அவங்க பாத்துட்டு பதில் வீடியோ போடுவாங்க, அத மத்த ஸ்டூடண்ட்ஸும் பாக்கலாம். அடுத்தவன் தப்ப பாத்து கத்துக்கறதுல ஒரு சொகம் இருக்குடா. நானும் அனுப்பலாம்னு மூணு தடவ எடுத்தேன், மொத தடவ குக்கர் விசில், ரெண்டாவது தடவ பழைய பேப்பர்காரன், மூணாவது தடவ எந்த சத்தமும் இல்ல, நல்லா தெளிவா என் வாசிப்பு மட்டும் கேட்டுச்சு, அதனால அனுப்பல.

அங்க ஒரு விஷயம் கத்துக்கிட்டேன், சாப்னு. புளூக்ராஸ்ல ட்ரம்ஸ் கெடயாது, அதனால தாளத்துல ரெண்டாவது நாலாவது அடிக்கு மாண்டலின்காரன் ஒரு கார்ட, அதாவது பல ஸ்வரத்த சேத்து, அடிச்ச ஒடனே எடது கைய லேசா தூக்கி சத்தத்த நெரிச்சுருவான், "சக்"னு வரும். ரெண்டு நாள் கழிச்சுதான் தோணுச்சு, நம்ம மிருதங்கத்துலயும் சாப்பு இருக்கேன்னு. அது கணீர்னு நிக்கிற சொல், இது கழுத்த பிடிச்ச சத்தம், பேருல மட்டுந்தான் ஒத்துமை, இருந்தாலும் ஒரு சந்தோஷம்.

எல்லாம் சரிதான், ஆறு மாசத்துல நாலு அமெரிக்கன் ட்யூன் வாசிச்சேன், எல்லாம் பேப்பர பாத்து. எந்த கம்பி எத்தனாவது ஃப்ரெட்டுன்னு நம்பர் போட்டிருக்கும், அதப் பாத்து விரல வெச்சா ட்யூன் வருது. பேப்பர எடுத்துட்டா கையில ஒண்ணுமே இல்ல. பாங்க்ல கவுண்ட்டர்ல உக்காந்து நோட்டு எண்றவன்கிட்ட அத்தன பணமும் இருக்கும், ஆனா அவனுது இல்லல்ல, அந்த மாதிரி.

இதுக்கு நடுவுல எங்க மேல்வீட்டுக்கு ஒரு பாட்டு மாமி குடிவந்தாங்க. நான் தட்டுறத தெனம் கேட்டு சகிக்க முடியாம ஒருநாள் எறங்கி வந்து, "சார், எனக்கு இந்த டப்பாவ பத்தி ஒண்ணும் தெரியாது, நான் பாடறேன், அது மாதிரியே வாசிங்கோ, எங்க விரல் வெக்கறேள்ங்கறது உங்க பாடு"ன்னாங்க. மாமிக்கு அஞ்சு கட்டை சுருதி, அது ஜி, மாண்டலின்ல அடிக்கம்பியும் ஜி, ஜாதகம் பொருந்திருச்சு. சரளி வரிசைலேந்து ஆரம்பிச்சோம். அவங்க ஒரு வரி பாடுவாங்க, நான் திருப்பி பாடணும், பாடின அப்பறந்தான் கம்பிய தொடணும். பாட வராதுன்னு சொன்னேன். "வராததுதான் விரல்லயும் வராது"ன்னு சொல்லிட்டு அடுத்த வரிக்கு போயிட்டாங்க.

இப்ப பாரு ஆச்சரியத்த. ஸ்ரீநிவாஸ் கதையும் இதேதான்டா! நம்மளவிட ஒரு வயசு சின்னவர், 1969ல பாலகொல்லுல பொறந்தவர், அப்பா சத்யநாராயணா கிளாரினெட் வித்வான், வீட்ல கெடந்த மாண்டலின பையன் எடுத்து வாசிக்க ஆரம்பிச்சுட்டான். அவருக்கு குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை பாகவதரோட சிஷ்யர், வாய்ப்பாட்டுக்காரர், மாண்டலின் வாசிக்கவே தெரியாது. அவர் பாடுவாரு, பையன் கேட்டு வாசிப்பான், எப்படி வாசிக்கணும்ங்கறத பையனே கண்டுபுடிச்சுக்கணும். 1978ல குடிவாடால மொத கச்சேரி, 1981ல மெட்ராஸ், 83ல பெர்லின் ஜாஸ் ஃபெஸ்டிவல், அப்ப வயசு 14. நாம அந்த வயசுல என்ன பண்ணிட்டிருந்தோம்னு உனக்கே தெரியும்.

இன்னொருத்தர், ஏவி அவிடல், இஸ்ரேல்ல பேயர் ஷெவாங்கற ஊர்க்காரர், மாண்டலின வெச்சே க்ளாசிக்கல் மேடைல சோலோ வாசிக்கிறவர். அவருக்கு சின்ன வயசுல வாத்தியார் யாருன்னா, சோவியத் ரஷ்யாலேந்து வந்த ஒரு வயலின்காரர், சிம்கா நாதன்சன். அந்த ஊர்ல பசங்கள வெச்சு மாண்டலின் ஆர்க்கெஸ்ட்ராவே கட்டிட்டாரு. வயலினும் மாண்டலினும் ஒரே சுருதிதானே, ஜி டி ஏ ஈ, அதனால வயலின் பாட்ட எல்லாம் மாண்டலின்ல சொல்லிக்குடுத்தாரு. அங்க வயலின் வாத்தியார், இங்க வாய்ப்பாட்டு வாத்தியார். ரெண்டு பேர்கிட்டயும் மாண்டலினுக்குன்னு தனி பாடம் இல்ல, அதனால பசங்க கைல மாண்டலின் பழக்கமே ஒட்டல, பாட்டுதான் ஒட்டுச்சு. விவால்டி ஒண்ணு ரெண்டு கான்சர்ட்டோ எழுதிருக்காரு, பீத்தோவன்கூட ப்ராக்ல ஒரு பிரபு வீட்டு பொண்ணுக்காக சிலது எழுதினாரு, அப்படி எண்ணி சொல்ற அளவுதான் பெரியவங்க அதுக்குன்னு எழுதினது. சொந்த அடுப்பு சின்னது, அதான் எல்லார் வீட்டு பந்தியிலயும் உக்காந்துக்குது. இது என் தியரி, ப்ரொஃபசரம்மா கேட்டா சண்டைக்கு வருவாங்க.

சரி, என் கதைக்கு வர்றேன். மோகன வர்ணம் வரைக்கும் ஓடிருச்சு. ஆபோகி வர்ணத்துல மாட்டிக்கிட்டேன். ஆபோகி ராகத்துல காந்தாரம், அதான் 'க' ஸ்வரம், நிக்காம ஆடணும், சும்மா ஃப்ரெட்ல விரல வெச்சு தட்டினா அது ஆபோகியே இல்லன்னு மாமி மூஞ்ச சுளிக்கிறாங்க. கம்பிய இழுத்து ஆட்டலாம்னா ஒவ்வொண்ணும் ரெட்டக் கம்பி, ரெண்டும் ஒரே அளவு இழுபடாது, ஒண்ணு ஒரு சுருதில, இன்னொண்ணு பக்கத்து சுருதில, பூனைங்க சண்டை மாதிரி. அப்பதான் ஸ்ரீநிவாஸ் ஏன் ரெட்டக் கம்பிய தூக்கி எறிஞ்சுட்டு ஒத்தக் கம்பியா அஞ்சு போட்டு எலக்ட்ரிக்குக்கு போனாருன்னு என் விரலுக்கு புரிஞ்சுச்சு. ஒத்தையா இருந்தா இழுக்கலாம், எலக்ட்ரிக்கா இருந்தா இழுக்கற வரைக்கும் சத்தம் நிக்கும், அஞ்சாவது கம்பி இருந்தா கீழ்ஸ்தாயிக்கு போகலாம். அடிக்கம்பிய ஸட்ஜமா வெச்சுட்டா அதுக்கு கீழ எடமே இல்லயே. பிரேசில்ல ஹாமில்டன் டி ஹொலாண்டாவும் கீழ ஒரு ஜோடி சேத்து பத்து கம்பியாக்கிட்டாரு, அவர் பிரச்சன வேற, ஒரே ஆளா மெலடியும் பேஸும் வாசிக்கணும். ஸ்ரீநிவாஸ் கழட்டினாரு, ஹாமில்டன் மாட்டினாரு, ஆனா கீழ எறங்கணும்ங்கறதுல ரெண்டு பேரும் ஒண்ணு.

அந்த ராத்திரியே ஸ்க்ரூடிரைவரும் கைலியுமா உக்காந்து எட்டுல நாலு கம்பிய கழட்டிட்டேன். காந்தாரம் ஆடுதுடா! ஊசி மாதிரி மெலிசா சத்தம், ஆனா ஆடுது. காலைல மாமி மாடிலேந்தே "இப்ப ஆபோகி மாதிரி இருக்கு"ன்னு சொன்னாங்க, பாங்க்ல ப்ரமோஷன் வந்தப்பகூட அவ்ளோ சந்தோஷப்படல. ஆனா சாயங்காலம் பழைய அமெரிக்கன் ட்யூன எடுத்து வாசிச்சா உசிரே இல்ல, ரெட்டக் கம்பியோட அந்த மினுமினுப்பு போயிருச்சு, ஒரே ஸ்வரத்த வேகவேகமா மீட்டுற ட்ரெமலோ வாசிச்சா கொசு மாதிரி கேக்குது. இதுக்கு ஒண்ணு அதுக்கு ஒண்ணுன்னு ரெண்டு மாண்டலின் வேணும்னு வீட்ல மெதுவா சொல்லிப் பாத்தேன். "ஒண்ணுக்கே பக்கத்து வீட்டுக்காரங்க ஜன்னல சாத்துறாங்க"ன்னு பதில் வந்துச்சு, அதோட பேச்சு முடிஞ்சுது.

ஸ்ரீநிவாஸ் போனது 2014 செப்டம்பர் 19. 45 வயசு. அன்னிக்கு நீ எனக்கு போன் பண்ண, ஞாபகம் இருக்கா, ரெண்டு நிமிஷம் ரெண்டு பேருமே ஒண்ணும் பேசல, அப்பறம் பசங்க படிப்ப பத்தி பேசிட்டு வெச்சுட்டோம். கேசட்ட பத்தி அன்னிக்கு கேக்கணும்னு தோணுச்சு, கேக்கல. தம்பி ராஜேஷ் வாசிக்கிறாரு, அண்ணன்கிட்ட கத்துக்கிட்டவங்க இன்னும் எத்தனையோ பேர் இருக்காங்க. ஆனா ஜாகிர் உசேன் தபலாவோட ரிமெம்பர் சக்திங்கற க்ரூப்ல ஸ்ரீநிவாஸ் வாசிக்கிற வீடியோல, பக்கத்துல ஜான் மெக்லாக்லின் கிடார வெச்சுக்கிட்டு சின்னப் பையன் மாதிரி சிரிக்கிறத பாத்திருக்கியா? அத ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பறம் பாக்காத, தூக்கம் போயிரும்.

டிசம்பர்ல வர்றேன்னு சொன்னல்ல, வர்றப்ப ரெண்டு செட் மாண்டலின் கம்பி வாங்கிட்டு வா. டாடாரியோ கம்பெனி, லைட் கேஜ், அதாவது மெலிசு, பாக்கெட்ல பத்துலேந்து முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கும், பதினொண்ணுல ஆரம்பிக்கிறத வாங்கிராத, இழுக்கவே முடியாது. அப்படியே கொஞ்சம் கெட்டியான பிக் நாலஞ்சு. பணம் குடுத்துருவேன், உன்ன மாதிரி இல்ல. கேசட் கெடச்சா அதையும் எடுத்துட்டு வா, ஓட்டறதுக்கு எங்கிட்ட டேப்ரிக்கார்டர் கெடயாது, சும்மா வெச்சுக்கறேன். நீ வர்றதுக்குள்ள ஆபோகி வர்ணம் ரெண்டு காலமும் முடிச்சுரணும்னு மாமி கெடு வெச்சிருக்காங்க, இப்ப வர்ணத்தோட நடுவுல வர்ற முக்தாயி ஸ்வரத்துல நிக்கிறேன்.

முட்டிய பாத்துக்க.

உன் பழைய ரூம்மேட்