பழைய தமிழ்க் காமிக்ஸ்களுக்கு ஓர் அலமாரி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பினாங்கு சௌராஸ்தா சந்தையின் மாடியிலுள்ள பழைய புத்தகக் கடைகளைத் துழாவும் வாசகர்களுக்கு, 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் ஆரம்ப இதழ்கள் எவ்வளவு அரியவை என்று சொல்லத் தேவையில்லை. 1962இல் பிரிட்டிஷ் வார இதழொன்றில் பிறந்து, மின்சாரம் பாய்ந்ததும் கை மட்டும் தெரிய உடல் மறையும் இரும்புக்கை மாயாவியைத் தமிழ்ப் பிள்ளைகள் தங்கள் வீட்டு நாயகனாக்கிக்கொண்டது அந்த இதழ்களால்தான்.

இன்று சேகரிப்போர் சிலர் உறையைப் பிரிக்காமலே விலை பேசுகின்றனர். படிக்காத காமிக்ஸ் எதற்கு என்பது என் கட்சி. ஆயினும், நம் ஊர் ஈரக்காற்றில் மலிவுத்தாள் பழுத்து நொறுங்குவதையும், நடுப்பக்கத்தில் குத்திய கம்பி துருவேறி ஓவியத்தின் மேல் செம்பழுப்புக் கறை படிவதையும் காணும்போது, நெகிழியுறை போடுபவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஒளிநகலுக்கு நல்ல அட்டை போட்டு அசல் பிரதி என்று விற்பவர்களைத்தான் கண்டிக்க வேண்டும். கறுப்பு மை சாம்பல் பூத்து, மெல்லிய கோடுகள் அறுந்திருந்தால் வாங்குவோர் விலகிக்கொள்வது நல்லது.

பொது நூலகங்களின் தமிழ்ப் பிரிவில் இவற்றுக்கென ஓர் அலமாரி ஒதுக்கி, பதிப்பாளரின் அனுமதியுடன் மின்வருடல் செய்தும் வைக்குமாறு, பொறுப்பாளர்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர்,
ஜெலுத்தோங், பினாங்கு