பொது அறிவு நூல் தொகுப்போருக்கு: மல்லார்டின் வேகத்தோடு சரிவையும் எழுதுங்கள்

வினா-விடை நூல்களைத் தொகுக்கும் பதிப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். 'உலகிலேயே வேகமாக ஓடிய நீராவி இன்ஜின் மல்லார்ட், மணிக்கு 126 மைல், 1938' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். எந்தத் தடம், எவ்வளவு பாரம் என்று சொல்லாமல் விட்டால் மாணவர் சமதளத்தில் எட்டிய வேகம் என்றே எடுத்துக்கொள்வார்.

அந்த இடம் இங்கிலாந்தில் கிரந்தமுக்குத் தெற்கே உள்ள ஸ்டோக் சரிவு. லண்டன் திசையில் பல மைலுக்கு இறக்கம். பெரும்பகுதி 200 அடிக்கு ஓர் அடி, சில இடங்களில் 178-க்கு ஒன்று. 1935-இல் பாப்பிரஸ் என்ற இன்னொரு நீராவி இன்ஜின் மணிக்கு 108 மைல் தொட்டதும் இங்கேதான்.

1938 ஜூலை 3 அன்று மல்லார்ட் இழுத்தது, அளவெடுக்கும் டைனமோமீட்டர் பெட்டியையும் சேர்த்து 7 பெட்டிகள், சுமார் 240 டன். தடப்பணியால் கிரந்தமை 24 மைல் வேகத்தில்தான் கடந்தது. சரிவின் உச்சியில் 75. அங்கிருந்து பத்து மைல் போல இறங்கியதும் 126. அப்போது 6 அடி 8 அங்குல இயக்கச் சக்கரங்கள் நொடிக்கு ஏறக்குறைய ஒன்பது சுற்று சுற்றின.

அதற்கு விலை கொடுத்தது, மூன்று சிலிண்டர்களில் நடு சிலிண்டரின் பிக் எண்ட் பேரிங், அதாவது இணைப்புத் தண்டின் பெரிய முனையில் உள்ள தாங்கி. இந்த இன்ஜினில், நடு சிலிண்டருக்குள் நீராவியை விடும் வால்வை ஆட்டத் தனி கியர் கிடையாது. வெளிப்பக்கத்து இரண்டு வால்வுகளின் அசைவையும் நெம்புகோல்கள் கூட்டித்தான் அதை ஆட்டும். நெம்புகோல்களின் மூட்டுப் பின்கள் தேய்ந்தால் நடு வால்வின் அசைவு பெருகும், வேகம் கூடினால் நெம்புகோல்களும் வளையும். நடு வால்வு அளவுக்கு மேல் திறந்து, நடு சிலிண்டர் தன் பங்கைவிடக் கூடுதல் வேலை செய்யும், பேரிங் கொதிக்கும். இன்ஜினின் அடிச்சட்டங்களுக்கு நடுவே இருப்பதால் ஓட்டுநர் கண்ணுக்கும் படாது. அதனால் சூடேறினால் சோம்பு வாடை வீசும்படி ஒரு குப்பியை அதில் பொருத்தியிருந்தார்கள். அன்றும் பேரிங் சூடேறி, வண்டி பீட்டர்பரோவில் நிற்க, வேறு இன்ஜின்தான் லண்டனுக்கு இழுத்துப் போனது.

இன்னொன்று: 126 என்பது கணநேர உச்சம். வடிவமைத்த கிரெஸ்லியே அதை ஏற்கவில்லை, 125 என்றுதான் சொன்னார். அப்படியே வைத்தாலும் 201.2 கி.மீ. 1936-இல் பெர்லின்–ஹம்பர்க் தடத்தில் ஜெர்மனியின் 05 002 என்ற நீராவி இன்ஜின் எட்டியது 200.4. ஆனால் அங்கே தடம் ஏறக்குறைய சமதளம். இந்த ஒப்பீட்டை விட்டுவிடுவதுதான் பெரிய குறை என்பது எங்கள் கருத்து.

அடுத்த பதிப்பில் இப்படிப் போடலாம்: 'மல்லார்ட், 1938, ஸ்டோக் சரிவில் இறங்குகையில், 240 டன் பாரத்துடன், 125–126 மைல்.' படம் சேர்ப்பதானால் நீல நிறம், ஆப்பு போன்ற முகப்பு, 4468 என்ற எண் மூன்றையும் சரிபாருங்கள். பச்சை நிற ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் வேறு இன்ஜின்.