குட்டியின் காற்றாலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். மழைக்கு அப்பாவின் முட்டிவலிதான் கொஞ்சம் கூடியிருக்கிறது. குட்டி பள்ளிக்கூடக் கண்காட்சிக்குச் செய்ததாக நீ அனுப்பிய காற்றாலை போட்டோவைப் பார்த்தேன். தெர்மாகோலை அவ்வளவு நேராக வெட்ட மூன்றாம் வகுப்புக் கைக்கு வராது. ஒன்று உன் கை, இல்லாவிட்டால் மாப்பிள்ளை கை. போனில் சொன்னால் கோபித்துக்கொண்டு வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

இங்கே என் பள்ளிக்கூடத்திலும் இரண்டாம் பருவம் முடிகிறது. 2012-இல் முப்பருவ முறை வந்து, வகுப்பில் அவ்வப்போது செய்வதைப் பார்த்துப் போடும் வளரறிக்கு 40, பருவக் கடைசிப் பரீட்சையான தொகுத்தறிக்கு 60 என்று மதிப்பெண்ணைப் பிரித்தது உனக்கும் நினைவிருக்கும். செயல்திட்டத்துக்கு மார்க் உண்டு என்றதும் மன்னார்குடிக் கடைகளில் படத்தாள் வியாபாரம் சூடுபிடித்தது. ராத்திரி அம்மாமார் வெட்டி ஒட்டியதைப் பிள்ளை காலையில் தூக்கிக்கொண்டு வரும். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் முழிக்கும். அதனால் வீட்டுக்கு எதையும் கொடுத்தனுப்புவதில்லை என்று நானும் ஹெச்.எம். சாரும் முடிவு செய்துவிட்டோம். செய்வதெல்லாம் வகுப்பிலேயே, பிள்ளைகள் கையாலேயே.

இந்தப் பருவம் என் நாலாம், அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள் மழை அளந்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊரில் வேறு எதை அளப்பது? ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, அதையே கவிழ்த்துப் புனலாக வைத்தோம். பாட்டிலின் அடி மேடு பள்ளமாக இருக்குமில்லையா, அதற்குக் கூழாங்கல்லைப் போட்டு, ஒரு கோடு வரை தண்ணீர் ஊற்றி, அந்தக் கோட்டைச் சுழியம் என்று வைத்துக்கொண்டார்கள். வெளியே ஸ்கேலை செலோ டேப்பால் ஒட்டியாயிற்று. வானிலைத் துறைக்காரர்கள் காலை எட்டரைக்கு அளப்பார்கள் என்று சொன்னேன். அவ்வளவுதான், காலை உணவு உப்புமாத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே எட்டரைக்கு பாட்டிலைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். ஞாயிற்றுக்கிழமைக்குக்கூட ஆள் உண்டு. பள்ளிக்கூடத்துப் பின்வீட்டுப் பையன் சுவரேறிக் குதித்துப் பார்த்து, கரிக்கட்டியால் திண்ணையில் எழுதி வைத்துவிடுவான்.

ஒரு நாள் ஆடு பாட்டிலைச் சாய்த்துவிட்டது. முந்தின ராத்திரி நல்ல மழை. தினமும் அளவைக் குறிக்கும் வரைபடத்தில் அந்த நாளுக்கு என்ன போடுவது என்று பெரிய பஞ்சாயத்து. பக்கத்து ஊர் அளவைக் கேட்டுப் போடலாம் என்றான் ஒருவன். உத்தேசமாகப் போட்டால் யாருக்குத் தெரியும் என்றான் இன்னொருவன். அஞ்சாம் வகுப்புப் பெண் ஒன்று, ‘நாம பாக்கலைல்ல, அப்புறம் எப்படி எழுதுறது’ என்று கேட்டு, அந்தக் கட்டத்தில் ஓர் ஆட்டைப் பென்சிலால் வரைந்துவிட்டது. பார்வைக்கு வந்த வட்டார வளமைய ஆசிரியர் ‘இது என்ன டீச்சர்?’ என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகளே அவருக்கு விளக்கம் சொன்னார்கள்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் அது ஒரு லிட்டர். இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தால் ஒருவருக்கும் ஏறியிருக்காது. பள்ளிக்கூட மாடியை டேப்பால் அளந்தார்கள்: 10 மீட்டருக்கு 6 மீட்டர். 20 மில்லிமீட்டர் பெய்த நாளில் 1200 லிட்டர். பதினைந்து லிட்டர் குடம் என்றால் 80 குடம்! ‘அவ்வளவும் வடிகால்லயா டீச்சர் போச்சு?’ என்றார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இந்தக் கணக்கை அவர்களே வாசிக்கப் போகிறார்கள். மாடித் தண்ணீரைத் தொட்டியில் விடக் குழாய் போட வேண்டும் என்று நான் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டேன், இவர்கள் கேட்டாவது நடக்கட்டும்.

கீழ் வகுப்பெல்லாம் ஹெச்.எம். சார் பொறுப்பு. 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து, பிள்ளைகளின் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று குழுக்குழுவாக உட்கார்ந்து விரல்பொம்மையும் பாட்டுமாக ஒரே கூச்சல். எனக்குத் தலைவலி, ஆனால் குழந்தைகள் வாசிக்கிறார்கள்.

கடைசி வெள்ளிக்கிழமை சந்தை வைத்தோம். வாழைப்பூ, முருங்கைக்கீரை, கொய்யா எல்லாம் அவரவர் கொல்லையில் பறித்தது. பெட்டிக்கடையில் தராசு இரவல். கொய்யா கிலோ 60. கால் கிலோ கேட்ட ஆயாவிடம் மூன்றாம் வகுப்புப் பொடியன் பட்டென்று 15 என்றான். எப்படிடா என்றேன். ‘ரெண்டா மடிச்சா முப்பது, இன்னொரு மடி மடிச்சா பதினஞ்சு’ என்று கையில் இருந்த காகிதத்தை மடித்துக் காட்டினான். பின்னம் நடத்தியபோது சார் காகிதம் மடிக்க வைத்ததுதான். ஆயா விடவில்லை, பேரம் பேசிப் பத்துக்கு வாங்கிப் போய்விட்டது. அது அவன் பாடத்தில் இல்லை.

உன்னைக் குறை சொல்லவில்லை. வேலை முடிந்து வந்து, ராத்திரி உட்கார்ந்து வெட்டியிருப்பாய். மற்றப் பிள்ளைகளுடையது பளிச்சென்று இருக்க, நம் குட்டியுடையது கோணலாக நின்றால் மனசு கேட்காதுதான். ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் மார்க் போடுவது யாருக்கு என்று யோசி. அடுத்த முறை கத்தரிக்கோலை அவளிடம் கொடுத்துவிட்டு நீ அடுப்படிக்குப் போய்விடு.

அரையாண்டு லீவுக்கு வருகிறீர்கள்தானே? வரும்போது அகல செலோ டேப் நாலு, மாப்பிள்ளை ஆபீசில் வீணாகும் ஒருபக்கத் தாள் கிடைத்தால் ஒரு கட்டு. அப்பாவுக்குத் தைலம், போன தடவை வாங்கினாயே அதே பச்சைப் புட்டி. காற்றாலையையும் கொண்டு வா. காற்று எந்தப் பக்கமிருந்து வந்தால் அது சுற்றும் என்று குட்டியிடம் கேட்கப் போகிறேன். நீ முன்னாடியே சொல்லிக் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அம்மா