உன் பேருக்கு எவ்வளவு எழுதட்டும்?

பாலக்கோடு,
செவ்வாய்க்கிழமை

கண்ணு,

அத்தை வெற்றிலை பாக்கோடு வந்து பத்திரிகை வைத்துவிட்டுப் போனாள். சின்னவளுக்கு ஆவணியில் கல்யாணம். உனக்கென்று தனியாக ஒரு பத்திரிகை, உன் பெயரெழுதி. போனில் சொன்னால், "நீங்களே பார்த்து எழுதிடுங்கப்பா, எனக்கு லீவு கிடைக்காது" என்று வைத்துவிட்டாய். எவ்வளவு எழுதட்டும் என்று கேட்கக்கூட விடவில்லை.

ராத்திரி மொய் நோட்டை எடுத்துப் பார்த்தேன். உன் அக்கா கல்யாணத்துக்கு அத்தை எழுதியது 5,001. 2016 நவம்பர், 500, 1000 செல்லாது என்று அறிவித்த அடுத்த வாரம். ஊரே பேங்க் வாசலில் நின்றது. பலர் பழைய நோட்டைத்தான் கவரில் போட்டார்கள். அவள் அத்தனையும் நூறு ரூபாய்த் தாளாகச் சேர்த்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அன்றைக்கு அந்தப் பணத்துக்கு ஒன்றரை கிராம் தங்கம் வரும். இன்றைக்கு 10,001 எழுதினாலும் அந்த அளவு வராது. அதனால் குடும்பத்துக்கு 15,001 என்று வைத்திருக்கிறேன். தாய்மாமன் சீர் தனி, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் பேருக்குத் தனியாக வேண்டாம் என்றால் சேர்த்தே எழுதிவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

பெரியப்பா பையன் கல்யாணத்துக்கு முதல் சம்பளத்தில் நீ தனியாக 5,001 எழுதினாய். மொய் எழுதியவர் நிமிர்ந்து, "தம்பிக்கு எந்தக் கம்பெனி?" என்று கேட்டார். சந்தோஷத்தில் எனக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. ரூம் வாடகை எல்லாம் சரியாகப் போகிறதா? சும்மாதான் கேட்கிறேன். இரண்டு மாதமாகப் பணம் வரவில்லை என்பதற்காக இதை எழுதவில்லை. ஆனால் நாலு ஞாயிறாக அம்மா போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வார்த்தை பேசக்கூடவா நேரமில்லை? வேளைக்குச் சாப்பிடு.

லீவு இல்லை என்றாயே, ஒன்று சொல்கிறேன். அத்தையோட பெரியவள் கல்யாணத்தன்று எனக்குக் காய்ச்சல் என்றுதானே உனக்குத் தெரியும்? காய்ச்சல் இல்லை, கண்ணு. அந்த வருஷம் தக்காளி பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை, கூடை கூடையாக ரோட்டோரம் கொட்டினோம். சீர்ச்சேலைக்கும் மாலைக்கும் கையில் காசில்லை. வெறுங்கையோடு என் அக்கா முன்னால் நிற்கக் கூச்சப்பட்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். உன்னைக் கூட்டிக்கொண்டு அம்மா மட்டும் போனாள். தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் பங்காளி ஒருவரை நிறுத்தினார்கள். பந்தி முடிந்ததும் அத்தை தூக்குவாளியில் ரசஞ்சோறு கொண்டுவந்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சுடவில்லை என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒன்றும் கேட்கவில்லை. அதற்கப்புறமும்தான் அந்த நூறு ரூபாய்த் தாள்களைச் சேர்த்துக் கொண்டுவந்தாள். உன் அம்மாவைத் தவிர யாருக்கும் இதை நான் சொன்னதில்லை. அத்தையிடம் இன்றுவரை சொல்லவில்லை.

பத்திரிகை வைக்க வந்தவள் முதலில் கேட்டதே நீ வருவாயா என்றுதான். நான் தலையாட்டிவிட்டேன்.

உன் பேருக்கு 1,001 நான் எழுதிவைக்கிறேன். நீ கவர் எதுவும் கொண்டுவர வேண்டாம். முதல் நாள் சாயங்காலம் ஓசூரில் ராயக்கோட்டை வழியாக வரும் பஸ்ஸில் ஏறு. எத்தனை மணி ஆனாலும் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

அப்பா