வெள்ளைப் பேஸ்ட்டும் ஜெல்லும்

அன்புள்ள முருகேசனுக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்திக்கு இரண்டு வயதாகி, உன் பிரஷ்ஷைப் பிடுங்கிக் கடிக்கிறாள் என்று படித்ததில் மகிழ்ச்சி. வெள்ளைப் பேஸ்ட் நல்லதா, ஜெல் நல்லதா என்று கேட்டிருந்தாய். நிறத்தில் ஒன்றும் இல்லை. உள்ளே இருக்கும் தேய்ப்புத் தூளைத்தான் பார்க்க வேண்டும்.

விலை குறைந்த வெள்ளைப் பேஸ்ட்டில் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல் தூள். ஜெல்லில் சிலிக்கா. கறையைத் தேய்த்தெடுக்க இரண்டும் போதும். சொத்தையைத் தடுக்கும் ஃப்ளோரைடு சேரும்போதுதான் வம்பு. சோடியம் ஃப்ளோரைடைச் சுண்ணாம்போடு கலந்தால் கால்சியம் அதைப் பிடித்துக் கரையாத உப்பாக்கிவிடும்; ட்யூபுக்குள்ளேயே மருந்து செத்துவிடும். ஆரம்பகால ஃப்ளோரைடு பேஸ்ட்டுகள் இப்படித்தான் வீணாயின. அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்து ஜோசப் முஹ்லர் குழுவினர், சூடேற்றிப் பதப்படுத்திய கால்சியம் பாஸ்பேட்டோடு ஸ்டேனஸ் ஃப்ளோரைடு என்ற தகர உப்பைச் சேர்த்து இதைத் தாண்டினார்கள். 1956இல் அது க்ரெஸ்ட் என்ற பெயரில் அங்கே நாடெங்கும் கடைக்கு வந்தது.

சுண்ணாம்புப் பேஸ்ட்டுக்குப் பொருந்தியது சோடியம் மோனோஃப்ளோரோபாஸ்பேட். அதில் ஃப்ளோரைடு பாஸ்பேட்டோடு பிணைந்திருக்கும். வாயிலுள்ள நொதிகள் பிரித்த பிறகே வேலை செய்யும். ஆனாலும் சூட்டில் மாதக்கணக்கில் கிடந்தால் வீரியம் குறையும். எனவே வெள்ளைப் பேஸ்ட் வாங்கும்போது தயாரித்த தேதியைப் பார். அட்டையில் 0.76% மோனோஃப்ளோரோபாஸ்பேட் என்றாலும் 0.22% சோடியம் ஃப்ளோரைடு என்றாலும் கணக்கு ஒன்றுதான், சுமார் 1000 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு ஃப்ளோரைடு. நம் நாட்டுச் சட்டம் அதற்கு மேல் விடுவதில்லை.

நுரையைப் பெரிதாக நினைக்காதே. முன்பு சோப்பு போட்டார்கள், இப்போது சோடியம் லாரில் சல்பேட். பல் தேய்த்த கையோடு ஆரஞ்சு ஜூஸ் கசப்பதும் அதனால்தான். அடிக்கடி வாய்ப்புண் வருகிறவர்கள் அது இல்லாத பேஸ்ட்டுக்கு மாறிப் பார்க்கலாம்.

இனிப்பைத் தின்று கிருமிகள் அமிலம் விடும்போது, வாயின் பிஹெச் (குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று காட்டும் அளவு) 5.5க்குக் கீழே போனால் பல்லின் மேலுறையான எனாமலிலிருந்து தாதுக்கள் கரையத் தொடங்கும். எச்சில் அந்தத் தாதுக்களைத் திரும்பப் படியவைக்கும்போது ஃப்ளோரைடும் கூட இருந்தால், புதிதாகப் படிவது முன்னைவிட அமிலம் தாங்கும். அதற்கு ஃப்ளோரைடு வாயில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். நாமோ இரண்டு நிமிடம் தேய்த்துவிட்டு, சொம்புத் தண்ணீரால் கொப்பளித்து எல்லாவற்றையும் வெளியே அனுப்பிவிடுகிறோம். நுரையைத் துப்பு, அவ்வளவு போதும். படுக்கப் போகும் முன் இதைத் தவறாமல் செய்.

பேத்திக்கு மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு, பிறகு ஆறு வரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் முழுக்க நீளமாகப் பிதுக்குவது ட்யூப் சீக்கிரம் காலியாகத்தான். அரிசி அளவு என்பது ஏறக்குறைய 0.1 கிராம், முழுவதையும் விழுங்கினாலும் 0.1 மில்லிகிராம் ஃப்ளோரைடுதான். நீ இருப்பதோ தருமபுரி. அங்கே கிணற்றிலும் ஆழ்துளைப் போரிலும் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய தண்ணீர் உண்டு. அப்படி ஒரு லிட்டர் குடித்தாலே அரிசி அளவு பேஸ்ட்டைப் போல் பதினைந்து மடங்குக்கு மேல். ஈறுக்குள் நிரந்தரப் பற்கள் உருவாகும் இந்த வயதில் அதுதான் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழவைக்கும். கொதிக்கவைத்தாலும் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும்.

வீட்டில் குடிப்பது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரா, போர்த் தண்ணீரா என்று அடுத்த கடிதத்தில் எழுது. போர் என்றால் முதலில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடு, பேஸ்ட்டைப் பிறகு பார்க்கலாம்.

அன்புடன்,
சேகர்