பூச்சி மருந்து என்று மொட்டையாக எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்கு முன்னால் ஆடுகளுக்குப் பூச்சி மருந்து கொடுங்கள் என்று போன வாரம் நம் பத்திரிகையில் நாலு வரித் துணுக்கு ஒன்று வந்திருந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் எந்தப் புழுவுக்கு எந்த மருந்து என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. அது தெரியாமல் ஒன்பது ஆடுகளைப் பறிகொடுத்தவன் நான், அதனால் எழுதுகிறேன்.

எனக்கு மானூர் பக்கம். பிசான நெல் அறுப்பு முடிந்ததும் பங்குனியில் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு போய் சேரன்மகாதேவி வயல்களில் கிடை போடுவது வழக்கம். இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படிப் போய்த் திரும்பிய ஆடுகள் வைகாசி வாக்கில் மெலிய ஆரம்பித்தன, தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை மாதிரி தொங்கியது. மருந்துக் கடையில் சொன்னேன். "ஐவர்மெக்டின் ஊசி ஒண்ணு போதும் அண்ணாச்சி, உள்ள கெடக்கது வெளிய கெடக்கது எல்லாத்தையும் அடிச்சிரும்" என்றார். போட்டேன். சொறி போனது நிஜம், தோல் தெளிந்துவிட்டது. தாடை வீக்கம் மட்டும் அப்படியே இருந்தது. மருந்து போலியாக இருக்குமோ என்று வேறு கம்பெனி மருந்து வாங்கி இன்னொரு தடவையும் போட்டேன், அதற்குள் ஆடுகள் ஒவ்வொன்றாகச் சாய ஆரம்பித்துவிட்டன.

கடைசியில் கால்நடை மருத்துவர் செத்த ஆடு ஒன்றைக் கிழித்து ஈரலை அறுத்துக் காட்டினார். பித்தக் குழாய்க்குள் வேப்பிலை மாதிரி நீளவாக்கில் தட்டையாகப் புழுக்கள். வயல் தண்ணீரில் இருக்கும் நத்தை வழியாகப் புல்லில் ஏறி, மேயும் ஆட்டுக்குள் போகிற ஈரல் புழு. இதற்கு அந்த ஊசியைப் பத்து தடவை போட்டாலும் ஒன்றும் ஆகாது என்றார்.

ஏன் ஆகாது என்று கேட்டேன். மடையை வைத்துச் சொன்னார், எனக்கு உடனே பிடிபட்டது. புழுவின் நரம்பிலும் தசையிலும் குளோரைடு போய்வரக் கண்ணுக்குத் தெரியாத மடைகள் இருக்கின்றன, குளூட்டமேட் என்ற பொருள் வந்து தொட்டால் திறக்கும், அப்புறம் மூடிக்கொள்ளும். ஐவர்மெக்டின் அதில் போய் உட்கார்ந்து மடையைத் திறந்தபடியே நிறுத்திவிடும். அதோடு புழு அசையவும் முடியாது, இரை விழுங்கவும் முடியாது. இந்த மடை உருண்டைப் புழுக்களிடம் இருக்கிறது, சொறியை உண்டாக்கும் நுண்ணிய பூச்சிகளிடமும் இருக்கிறது. ஈரல் புழுவிடமும் நாடாப்புழுவிடமும் அந்த மருந்துக்குப் பிடிகொடுக்கிற மடை கிடையாது. (ஐவர்மெக்டினைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆப்பிரிக்காவில் எத்தனையோ பேருடைய கண்ணைக் காப்பாற்றிய மருந்து. அதைக் குறை சொல்ல நான் யார்? தப்பு நான் கேட்ட இடத்தில்.)

இன்னொரு கூத்து. ஊரில் விவரம் தெரிந்த ஒருவர், "நாய்க்கு நாடாப்புழு மாத்திரை குடுக்கம்லா, அதுவும் தட்டப் புழுதான, அதையே குடும்வே" என்றார். நியாயமாகத்தான் பட்டது. பிராசிகுவாண்டல் என்ற அந்த மருந்து நாடாப்புழுவையும், மனிதர்களுக்கு வரும் ரத்தத் தட்டைப்புழுவையும் அடிக்கும், ஆனால் ஈரல் புழுவை அடிக்காது. அந்த மருந்து திறக்கிறது கால்சியம் மடையை. ஈரல் புழுவிடமும் அந்த மடை இருக்கிறது, ஆனால் மருந்து உட்காரும் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் (புரதம் என்ற மாலையில் ஒரு மணி மாதிரி) மாறிப்போயிருக்கிறது என்று 2021இல்தான் கண்டுபிடித்தார்கள். ஒன்றே ஒன்று! அதனால்தான் டிரைகிளாபெண்டசோல் என்று தனி மருந்து தேவைப்படுகிறது. அதே வயலில் ஆட்டுக்குத் தொற்றி, பெருவயிற்றில் ஒட்டிக்கொள்ளும் இன்னொரு தட்டைப்புழுவுக்கு அந்த மருந்தும் உதவாது, ஆக்ஸிகுளோசனைடு வேண்டும்.

சரி, உருண்டைப் புழு என்றால் அல்பெண்டசோல் போதுமா? ஒரு காலத்தில் போதும். புழுவின் செல்லுக்குள் இருக்கும் டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு, அது சத்தை உறிஞ்ச முடியாமல் பட்டினி போடுகிற மருந்து அது. நாம் வருடம் முழுக்க அதையே கொடுக்கிறோம், எடை பார்க்காமல் கண்ணளவில் ஊற்றுகிறோம். அதிலும் வெள்ளாட்டு உடம்பு இந்த மருந்தைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும், செம்மறி அளவு அதற்குப் பத்தாது. இப்படி அரைகுறையாகக் கொடுத்ததில் தப்பிய புழுக்கள்தான் பெருகுகின்றன. அந்தப் புரதத்தில் 200ஆவது இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறிய புழுவுக்கு மருந்து உறைப்பதே இல்லை. வயிற்றில் ரத்தம் உறிஞ்சுகிற புழுவிடம் இந்த மாற்றம் உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது.

பள்ளிக்கூடத்தில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் இதே அல்பெண்டசோல்தான். நான் எழுதியதைப் படித்துவிட்டு யாரும் அதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், பிள்ளைகள் வயிற்று உருண்டைப் புழுவை ஒரே மாத்திரையில் விரட்டிவிடும். ஆனால் குடல் சுவருக்குள் தலையைச் செருகிக்கொண்டிருக்கும் சாட்டைப்புழு ஒரு மாத்திரைக்குப் பெரும்பாலும் மசியாது. மாத்திரை போட்ட பிறகும் பிள்ளை சோர்ந்தே இருந்தால் டாக்டரிடம் கூட்டிப்போய் மலப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

ஆட்டுக்கும் அதேதான். இப்போதெல்லாம் மருந்து வாங்குவதற்கு முன்னால் புழுக்கையை ஒரு கவரில் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் போகிறேன், கிடை போட்ட இடத்தையும் மறக்காமல் சொல்லிவிடுகிறேன். மற்ற புழுக்களின் முட்டை உப்புத் தண்ணீரில் மிதந்து மேலே வரும், ஈரல் புழுவின் முட்டை கனமானது, அடியில் தங்கிவிடும். அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வயலில் மேய்ந்த ஆடு என்று சொன்னால்தானே அவர் அடியில் தேடுவார்.

அடுத்த தடவை அந்தத் துணுக்கைப் போடும்போது இன்னும் நாலு வரி சேர்த்து, வயலில் மேய்ந்த ஆட்டுக்கு வேறு மருந்து, மேட்டுக்காட்டில் மேய்ந்த ஆட்டுக்கு வேறு மருந்து தேவைப்படலாம் என்பதையும் எழுதுங்கள். பிசான அறுப்புக்கு முன்னாலேயே வந்தால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஆடு வளர்க்கும் வாசகர்,
மானூர் வட்டாரம், திருநெல்வேலி.