பெயரைப் பார்த்து மூடிய கோப்பு

மருத்துவக் காப்பீட்டு ஒப்புதல் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். என் மகளின் தாடைக் கட்டிச் சிகிச்சைக்கான கோப்பு மூன்றாம் முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. அதன் வரலாறு முழுவதும் உங்களிடம் இருப்பதால் மீண்டும் எழுதவில்லை. தொடர் ஸ்கேன்களை மறுக்க ‘புற்றுநோய் அல்ல’ என்றும், செயற்கைப் பற்களை மறுக்க ‘அழகுச் சிகிச்சை’ என்றும் குறித்திருக்கிறீர்கள்.

முதற்குறிப்பு உண்மையே. கட்டியின் சிறு துண்டை எடுத்துச் சோதித்த பயாப்சி முடிவில் ‘சென்ட்ரல் ஜயன்ட் செல் கிரானுலோமா’ என்று, தாடையெலும்புக்குள் வளரும் ஒரு கட்டியின் பெயர் வந்த அன்று, “கேன்சர் இல்லை” என்று மருத்துவர் சொன்னதும் கைகூப்பினோம். இது வேறு உறுப்புகளுக்குப் பரவாது, ஆனால் இருக்கும் இடத்தை அரித்துவிடும் என்று அவர் அடுத்துச் சொன்னது அப்போது எங்கள் காதில் ஏறவில்லை. பல குழந்தைகளுக்கு இது மெதுவாக வளர்ந்து, ஒருமுறை சுரண்டி எடுத்ததும் அடங்கிவிடுகிறது. மூர்க்கமான வகையோ விரைந்து வளர்ந்து, பல் வேர்களைக் கரைத்து, எலும்பின் வெளிச்சுவரைத் துளைத்து, சுரண்டிய பின்னும் திரும்ப வருகிறது. நுண்ணோக்கியில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், பயாப்சித் தாளிலுள்ள பெயர் மட்டும் எதையும் தீர்மானிக்காது. ஆகவேதான் கேட்கிறேன்: கட்டியின் பெயரை விட்டு, அது செய்திருப்பதைப் பாருங்கள்.

அது செய்ததைச் சொல்கிறேன். அவளுக்கு வயது பத்து. கட்டி திரும்ப வந்தபோது கீழ்த்தாடையின் இடப்புறம் ஐந்து பற்களோடு எலும்பை வெட்டியெடுத்து, காலெலும்பிலிருந்து எடுத்த துண்டைப் பொருத்தினார்கள். அதில் பல் முளைக்காது. ஒரே பக்கமாக மெல்லுவதால், பள்ளியில் உணவு இடைவேளை முடிந்து மணி அடிக்கும்போது பாதிச் சாப்பாடு மீந்திருக்கும். நரம்பும் போய்விட்டதால் கீழுதட்டின் அந்தப் பாதியில் உணர்ச்சி இல்லை. வாயோரம் நீர் வழிவது அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் இருக்கும் தோழி மேசைக்கடியில் முழங்காலைத் தட்டினால் கைக்குட்டையை எடுப்பாள். பெரியவர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமல் இருவரும் தாமாகவே செய்துகொண்ட ஏற்பாடு அது.

மெல்லுவது எப்போது அழகுக்கலையில் சேர்ந்தது என்று தெரிவித்தால் நன்றியுடையவளாவேன். பல் பிரிவு எங்களை அறுவைப் பிரிவுக்கும், அறுவைப் பிரிவு மீண்டும் பல் பிரிவுக்கும் அனுப்புகிறது. தாடையெலும்பு உடம்பில் சேர்த்தியா, வாயில் சேர்த்தியா என்பதை உங்கள் படிவம் முடிவு செய்யும்வரை குழந்தையின் தாடை வளராமல் காத்திருக்க வேண்டும் போலும். அமெலோபிளாஸ்டோமா, மிக்ஸோமா என்று புற்றுநோயல்லாத வேறு தாடைக் கட்டிகளின் பெயர்களோடு இதே வரிசையில் நிற்கும் பிள்ளைகளும் உண்டு.

கோபத்தைப் பொறுத்தருளுங்கள். நான் கேட்பவை இரண்டே: வளரும் தாடைக்கேற்ப அவ்வப்போது மாற்றிக்கொள்ளக்கூடிய, கழற்றி மாட்டும் பல்செட்; கட்டி மறுபடி தலையெடுக்கிறதா என்று பார்க்க, மருத்துவர் குறித்த காலங்களில் ஸ்கேன். பெயரைப் பார்த்து அல்லாமல், அது செய்ததைப் பார்த்து முடிவெடுக்குமாறு மீண்டும் வேண்டுகிறேன். அடுத்த ஸ்கேனுக்கு மருத்துவர் குறித்த நாள் வரும் மாதம் வருகிறது; அதற்குள் உங்கள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

பணிவுடன்,
ஒரு தாய்